திரையரங்கக் கணக்கிலிருந்து சந்தைக் காவலுக்கு: ஜோசப் கென்னடியும் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமும்

ஒரு தொழிலில் பொருள் ஈட்டியவரையே அழைத்து, அத்தொழிலையோ அதனோடு ஒட்டிய தொழிலையோ கண்காணிக்கும் அரசுப் பொறுப்பில் அமர்த்தும் வழக்கம் அமெரிக்க ஆட்சிமுறையில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. பிட்ஸ்பர்க் நகர வங்கி முதலாளியான ஆண்ட்ரூ மெலன் 1921 முதல் 1932 வரை நிதியமைச்சராக இருந்தது இவ்வழக்கத்துக்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. ஆயினும் வங்கி, இரயில், எஃகு ஆகிய துறைகளுக்குக் கிடைத்த மதிப்பு கேளிக்கைத் தொழிலுக்குக் கிடைக்கவில்லை. திரைப்படம் அப்போது புதிய தொழில். தெருக்கோடிக் கொட்டகைகளில் ஐந்து சென்ட் நாணயத்துக்குக் காட்டப்பட்ட சிறு படங்களிலிருந்து வளர்ந்த அதனைப் பழைய செல்வக் குடும்பங்கள் தாழ்வாகவே எண்ணின. 1920களில் வாஷிங்டனுக்கும் திரைத்துறைக்கும் இடையே ஆள் போக்குவரத்து இருந்ததென்றால், அது பெரும்பாலும் அரசிலிருந்து திரைத்துறையை நோக்கியே நடந்தது. குடியரசுத் தலைவர் ஹார்டிங்கின் அமைச்சரவையில் தபால் துறைத் தலைவராக இருந்த வில் ஹேஸ், 1922இல் பதவி விலகிப் பட நிறுவனங்களின் கூட்டமைப்புக்குத் தலைமை ஏற்றார். தணிக்கைச் சட்டங்களைக் கண்டு அஞ்சிய முதலாளிகளுக்கு வாஷிங்டனை அறிந்த ஒருவர் தேவைப்பட்டார்.

இதற்கு எதிர்த்திசையில் நடந்த முதன்மையான பயணம் ஜோசப் பாட்ரிக் கென்னடியுடையது. 1926 முதல் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் பட நிறுவனங்களை வாங்கியும் இணைத்தும் விற்றும் பெருஞ்செல்வம் சேர்த்த அவர், 1934 ஜூலை 2 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் முதல் தலைவரானார். பங்குகளையும் கடன் பத்திரங்களையும் வெளியிடும் நிறுவனங்கள் உண்மைக் கணக்கை மக்கள் முன் வைக்கின்றனவா, சந்தையில் மோசடி நடக்கிறதா என்று பார்ப்பது அந்த ஆணையத்தின் பணி. இந்தியாவில் 1992 முதல் சட்ட அதிகாரத்தோடு இயங்கும் செபி செய்துவரும் வேலையும் இவ்வகையானதே. பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான ஜான் கென்னடியின் தந்தை என்றே உலகம் இன்று ஜோசப் கென்னடியை நினைக்கிறது. அவருடைய 15 மாதத் தலைமைப் பதவி தனியே கவனிக்கத்தக்கது. வணிகத்தில் தேர்ந்த ஒருவரின் திறமை எந்த நிபந்தனைகளின் கீழ் பொதுநலனுக்குப் பயன்படும் என்பதை அந்தப் பதவிக்காலம் தெளிவாகக் காட்டுகிறது.

கணக்குப் புத்தகம் படித்தவர்

கென்னடி 1888 செப்டம்பர் 6 அன்று கிழக்கு பாஸ்டனில், அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பாட்ரிக் ஜோசப் கென்னடி மதுக்கடை உரிமையாளராகவும் வட்டார அரசியல் தலைவராகவும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். 1912இல் ஹார்வர்டில் பட்டம் பெற்ற மகன், மாசச்சூசெட்ஸ் மாநில அரசில் வங்கிகளைத் தணிக்கை செய்யும் ஆய்வாளராகச் சேர்ந்தார். ஒரு வங்கியின் ஏடுகளைப் பார்த்து, அதன் கடன்களில் எவை திரும்பி வரும், எவை வராது, எது மறைக்கப்பட்டிருக்கிறது என்று கண்டறியும் பயிற்சி அவருக்கு அங்கேதான் வாய்த்தது. 1914இல், 25 வயதில், தந்தையின் தொடர்புடைய கொலம்பியா டிரஸ்ட் என்ற சிறு வங்கிக்குத் தலைவரானார். அதே ஆண்டு பாஸ்டன் நகர மேயராக இருந்த ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டின் மகள் ரோஸை மணந்தார். முதல் உலகப் போரின்போது பெத்லகேம் எஃகு நிறுவனத்தின் குவின்சி கப்பல் கட்டும் தளத்தில் உதவிப் பொது மேலாளராக இருந்தபோது, கடற்படைத் துறையின் துணைச் செயலராக இருந்த ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட்டோடு அவருக்கு அலுவல் தொடர்பு ஏற்பட்டது.

போருக்குப் பின் 1919இல் ஹெய்டன் ஸ்டோன் என்ற பங்குத் தரகு நிறுவனத்தில் சேர்ந்த கென்னடி, சந்தையின் உள்வழிகளைக் கற்றார். அன்றைய அமெரிக்காவில் நிறுவனத்தின் உள்விவரம் அறிந்தவர் அந்த விவரம் வெளியாகும் முன் பங்கு வாங்குவதையோ விற்பதையோ தடுக்கும் மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் முழுமையான இலாப நட்டக் கணக்கை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற மத்திய விதியும் இல்லை. 1924இல் யெல்லோ கேப் என்ற வாடகைக் கார் நிறுவனத்தின் பங்கு விலையைச் சிலர் திட்டமிட்டுச் சரித்தபோது, அந்நிறுவனத் தலைவர் ஜான் ஹெர்ட்ஸின் வேண்டுகோளை ஏற்று, நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியின் ஓர் அறையில் தொலைபேசிகளை வைத்துக்கொண்டு, பல ஊர்களிலுள்ள தரகர்கள் வழியாக வாங்கியும் விற்றும் விலையை நிலைநிறுத்தினார். யார் வாங்குகிறார், யாருக்காக வாங்குகிறார் என்பது பிறருக்குத் தெரியாதிருப்பதே அந்த வேலையின் உயிர்நாடி.

படத்தொழிலில் ஐந்தாண்டு

கென்னடி கலை ஆர்வத்தால் திரைத்துறைக்கு வந்தவர் அல்லர். அதன் கணக்குமுறையில் இருந்த ஓட்டையைக் கண்டு வந்தவர். ஒரு படத்தை எடுப்பதற்கான செலவு முழுவதும் முன்கூட்டியே ஆகிவிடும். படச்சுருள்கள் ஊர் ஊராகத் திரையரங்குகளுக்கு வாடகைக்குச் சென்று, வசூலின் பங்கு தயாரிப்பாளரிடம் வந்துசேர மாதக்கணக்காகும். இந்த இடைவெளியைக் கடக்கக் கடன் தேவை. வங்கிகளோ படத்தொழிலை நம்பாமல் கடன் மறுத்தன, அல்லது மிகுந்த வட்டி கேட்டன. நியூ இங்கிலாந்து பகுதியில் திரையரங்குகளில் முதலீடு செய்திருந்த கென்னடி, இந்த நெருக்கடியில் ஒரு வாய்ப்பைக் கண்டார். 1926 தொடக்கத்தில், எஃப்.பி.ஓ. என்ற தயாரிப்பு விநியோக நிறுவனத்தை அதன் லண்டன் உரிமையாளர்களிடமிருந்து பத்து லட்சம் டாலரை ஒட்டிய விலைக்கு வாங்கினார். தொடர்ந்து, தயாரிப்புச் செலவுக்குக் குறைந்த வட்டியில் பணம் தருவதற்கென்றே சினிமா கிரெடிட்ஸ் கார்ப்பரேஷன் என்ற துணை நிறுவனத்தை, பாஸ்டன் நண்பர்களின் முதலீட்டோடு தொடங்கினார்.

எஃப்.பி.ஓ. பெருநகரங்களின் மாளிகை போன்ற அரங்குகளை நோக்கிப் படம் எடுக்கவில்லை. குதிரைவீரர் கதைகளையும் எளிய குடும்பக் கதைகளையும் குறைந்த செலவில் விரைவாக எடுத்து, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை படம் மாற்றும் சிற்றூர் அரங்குகளுக்கு அனுப்பியது. ஃபிரெட் தாம்சனும் அவருடைய சில்வர் கிங் என்ற குதிரையும் அந்நிறுவனத்தின் பெரிய விளம்பரப் பெயர்கள். கென்னடி தம்மோடு கொண்டுவந்தவர்களில் முதன்மையானோர் பாஸ்டனில் தம்மிடம் வேலை பார்த்த கணக்கர்கள்; ஒவ்வொரு படத்தின் செலவும் வரவும் தனித்தனியே எழுதப்பட்டு, எல்லை மீறும் செலவுக்கு உடனே காரணம் கேட்கப்பட்டது. மற்ற நிறுவனங்கள் ஆடம்பரத்தால் பெயர் பெற்ற காலத்தில், சிக்கனமே இந்நிறுவனத்தின் அடையாளமாயிற்று.

தம் தொழிலுக்கு மதிப்புத் தேடித் தருவதிலும் அவர் கருத்தாக இருந்தார். 1927இல் ஹார்வர்டின் வணிகக் கல்லூரியில் திரைத்தொழில் பற்றி ஒரு சொற்பொழிவு வரிசையை ஏற்பாடு செய்து, அடால்ஃப் சூக்கர், ஜெஸ்ஸி லாஸ்கி, செசில் டிமில், மார்கஸ் லோ, வில்லியம் ஃபாக்ஸ், ஹாரி வார்னர், வில் ஹேஸ் ஆகியோரை மாணவர் முன் பேச வைத்தார். அவ்வுரைகள் அவ்வாண்டே அவருடைய பதிப்பில் நூலாக வெளிவந்தன. வாரக்கூலிக்கு உழைத்துத் தொடங்கிய புலம்பெயர்ந்தோர் பலர், தங்கள் தொழிலின் நிதி, விநியோகம், திரையரங்க நிர்வாகம் ஆகியவற்றை நாட்டின் மிகப் பழைய பல்கலைக்கழகத்தில் விளக்கியது அத்தொழிலின் சமூக வரலாற்றில் ஒரு திருப்பம். அவர்களை அழைத்து நிறுத்தியவருக்கும் அதனால் ஒரு புதிய தகுதி கிடைத்தது: திரையுலகத்துக்கும் நிதியுலகத்துக்கும் இடையே பேசவல்லவர் என்ற பெயர்.

1927 அக்டோபரில் பேசும் படம் வெற்றி பெற்றதும் அத்தொழிலின் அமைப்பே மாறியது. ஒலிக்கருவிகளைத் தயாரித்த ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் டேவிட் சார்னாஃபுக்குத் தம் கருவிகளைப் பயன்படுத்தும் படப்பிடிப்பு நிலையமும் அரங்குகளும் தேவைப்பட்டன. 1928இல் ஆர்.சி.ஏ., எஃப்.பி.ஓ.வில் பங்கு வாங்கியது. அதே ஆண்டு மே மாதம், பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையும் வித்தையும் அடுத்தடுத்து வரும் வாட்வில் என்ற மேடைக் கதம்ப நிகழ்ச்சிகளுக்குப் பேர்போன கீத்-ஆல்பி-ஆர்ஃபியம் அரங்கத் தொடரின் கட்டுப்பாட்டை, எட்வர்ட் ஆல்பியின் பங்குகளை ஒன்றுக்கு 21 டாலர் வீதம் வாங்கிக் கென்னடி கைக்கொண்டார். அக்டோபரில் இவை ஒன்றிணைந்து ரேடியோ-கீத்-ஆர்ஃபியம், அதாவது ஆர்.கே.ஓ. உருவானது. இணைப்பின்போது கென்னடி தம் பங்குகளை நல்ல இலாபத்தில் விற்று வெளியேறினார். அவருடைய எல்லா முயற்சிகளும் வெற்றி பெறவில்லை; குளோரியா ஸ்வான்சன் நடிக்க எரிக் வான் ஸ்ட்ரோஹைம் இயக்கிய ‘குயின் கெல்லி’ செலவு கைமீறி 1929 ஜனவரியில் பாதியில் நின்றது. தாம் ஆலோசகராகவும் தலைவராகவும் இருந்த பாத்தே நிறுவனத்தை 1931இல் ஆர்.கே.ஓ.வுக்கு விற்றபோது, அதன் சாதாரணப் பங்குதாரர்கள் தங்களுக்கு மிகக் குறைவாகவே கிடைத்தது என்று குறைகூறி வழக்குத் தொடுத்தனர். 1933 ஜனவரியில் ஆர்.கே.ஓ. கடன் சுமையால் நீதிமன்றப் பொறுப்பாளரின் கைக்குப் போயிற்று. இணைப்பைக் கட்டமைத்தவர் இலாபத்தோடு விலகியபின், உள்விவரம் அறியாமல் பங்கு வாங்கியவர்கள் நட்டத்தோடு நின்றனர். 1934ஆம் ஆண்டுப் பங்குச் சந்தைச் சட்டம் மாற்ற முனைந்த நிலை இதுவே.

சரிந்த சந்தையும் திறந்த ஏடுகளும்

1929 செப்டம்பர் 3 அன்று 381 என்ற உச்சத்தைத் தொட்ட டௌ ஜோன்ஸ் தொழில்துறைக் குறியீடு, 1932 ஜூலை 8 அன்று 41 ஆகச் சரிந்தது. மூன்றாண்டுகளுக்குள் சந்தை மதிப்பில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தபின், அழிவுக்குக் காரணம் என்ன என்ற கேள்வியை அமெரிக்க மேலவை எடுத்துக்கொண்டது. 1933 தொடக்கத்திலிருந்து அதன் விசாரணைக்கு வழக்குரைஞராக இருந்தவர் சிசிலியில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த ஃபெர்டினான்ட் பெகோரா. பெரும் வங்கிகள் தங்களிடம் இருந்த நலிந்த கடன் பத்திரங்களைச் சிறு சேமிப்பாளர் தலையில் கட்டிய விதமும், ஜே. பி. மார்கன் போன்றோர் அவ்வாண்டுகளில் வருமான வரியே செலுத்தாதிருந்த செய்தியும் அவருடைய குறுக்கு விசாரணையில் வெளிவந்தன.

அவ்விசாரணையில் வெளிப்பட்ட முறைகேடுகளில் ஒன்று ‘பூல்’ எனப்பட்டது. சில பெருவணிகர் ஒரு பங்கைத் தெரிந்தெடுத்து, தங்களுக்குள்ளேயே வாங்கியும் விற்றும், அப்பங்குக்குப் பெரும் கிராக்கி இருப்பதுபோல் தோற்றம் உண்டாக்கி, விலை ஏறியதும் வெளியாரிடம் விற்று விலகும் கூட்டு ஏற்பாடு அது. 1933 கோடையில் மதுவிலக்கு நீங்கப்போகிறது என்ற நம்பிக்கை பரவியபோது, மதுப்புட்டி தயாரிக்கும் நிறுவனப் பங்குகளை மக்கள் தேடினர். அப்போது ஒரு பூல், லிபி-ஓவன்ஸ்-ஃபோர்டு என்ற நிறுவனத்தின் பங்கில் இறங்கியது. அந்நிறுவனம் தயாரித்தது கார்களுக்கும் கட்டடங்களுக்குமான தட்டைக் கண்ணாடி. புட்டி தயாரித்தது ஓவன்ஸ்-இல்லினாய் என்ற வேறு நிறுவனம். பெயர் ஒற்றுமையால் ஏமாந்த வெளியார் வாங்க வாங்க விலை ஏறியது. இந்த பூலில் கென்னடியும் ஒருவர். அவருக்குக் கிடைத்த இலாபம் 60,000 டாலருக்கு மேல் என்று மேலவை விசாரணையில் பதிவாயிற்று. சட்டம் அதை அன்று குற்றமாகக் கருதவில்லை. ஆயினும் ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவராகி அவருடைய ஆட்சி பதவியேற்ற பிறகு, அவ்வாட்சியின் ஆதரவாளர் ஒருவரே இதைச் செய்தார் என்பது சிறிய செய்தி அன்று.

1933 மே மாதம் நிறைவேறிய பத்திர வெளியீட்டுச் சட்டம், புதிதாகப் பங்கு வெளியிடும் நிறுவனம் தன் சொத்து, கடன், இலாபம், நிர்வாகிகளின் பங்கிருப்பு ஆகியவற்றை விளக்க அறிக்கையில் வெளியிட வேண்டும் என்றது. 1934 ஜூன் 6 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட பங்குச் சந்தைச் சட்டம், சந்தைகளையே பதிவின் கீழ் கொண்டுவந்து, ஐவர் கொண்ட ஆணையத்தையும் அமைத்தது. அச்சட்டத்தின் 9ஆம் பிரிவு, போலி வாங்கல் விற்றல்களால் விலையை ஏற்றுவதைத் தடைசெய்தது. 16ஆம் பிரிவின்படி, இயக்குநர்களும் மேலதிகாரிகளும் பத்து விழுக்காட்டுக்கு மேல் பங்கு வைத்திருப்போரும் தங்கள் பங்கிருப்பை அறிவிக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் வாங்கி விற்று அடைந்த இலாபத்தை நிறுவனத்துக்கே திருப்பித் தரவும் நேரிடும். அரசு எந்தப் பங்கு நல்லது, எது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லவில்லை. உண்மையை வெளிப்படுத்து, தீர்ப்பை வாங்குபவர் செய்துகொள்வார் என்பதே அச்சட்டங்களின் அடிப்படைக் கொள்கை.

ஆணையத்தின் முதல் தலைவர்

ஆணையத்துக்குத் தகுதியானோர் பட்டியலை ரூஸ்வெல்ட்டின் ஆலோசகர் ரேமண்ட் மோலி தயாரித்தபோது, கென்னடியின் பெயரை முதலில் வைத்தார். நிர்வாகத் திறமை, கண்காணிக்கப்பட வேண்டிய தொழிலின் பழக்கவழக்கங்களைப் பற்றிய அறிவு, மாறுபட்ட கருத்துடையோரை இணக்கும் ஆற்றல் ஆகியவை அவர் சுட்டிய காரணங்கள். 1932 தேர்தலில் கென்னடி நிதி அளித்தும் பயண ரயிலில் உடன்சென்றும் ரூஸ்வெல்ட்டுக்கு உதவியிருந்தார் என்பதும் மறுக்க முடியாத காரணம். பாம்பின் கால் பாம்பறியும் என்ற எண்ணம் குடியரசுத் தலைவரிடம் இருந்தது. சீர்திருத்தவாதிகளுக்கோ அது பெரும் அதிர்ச்சியாக இருந்தது. ஸ்கிரிப்ஸ்-ஹோவர்ட் நாளிதழ்க் குழுமத்தின் ராய் ஹோவர்ட் எதிர்ப்புத் தெரிவித்தார்; ‘தி நியூ ரிபப்ளிக்’ இதழில் ஜான் ஃபிளின் இந்நியமனத்தைக் கடுமையாகத் தாக்கினார்.

ஆணையத்தின் அமைப்பு அந்த அச்சத்துக்கு ஓரளவு மறுமொழியாக இருந்தது. ஐவரில் ஒரே கட்சியைச் சேர்ந்தோர் மூவருக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம் வரையறுத்ததால், கென்னடி, பெகோரா, ஹார்வர்ட் சட்டப் பேராசிரியரும் 1933 சட்டத்தை எழுதியவர்களில் ஒருவருமான ஜேம்ஸ் லாண்டிஸ் ஆகிய மூன்று ஜனநாயகக் கட்சியினரோடு, ஜார்ஜ் மேத்யூஸ், ராபர்ட் ஹீலி என்ற இரு குடியரசுக் கட்சியினரும் அமர்ந்தனர். தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. தம் பூல் இலாபத்தை விசாரணையில் பதிவுசெய்த பெகோராவின் ஒப்புதலையும் பெற்றே கென்னடி தலைவராக வேண்டியிருந்தது; தயக்கத்துக்கும் பேச்சுக்கும் பின்னர் ரூஸ்வெல்ட்டின் விருப்பமே நிறைவேறியது. மேலும் ஆணைய உறுப்பினர் எவரும் தங்கள் கண்காணிப்புக்குட்பட்ட சந்தை வணிகத்தில் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடக்கூடாது என்று சட்டம் தடுத்தது. ஆக, புதிய தலைவருக்கு இருபுறமும் அவரை விழிப்போடு கவனிக்கும் சக உறுப்பினர்கள், முன்னே பத்திரிகைகள், தலைக்கு மேலே ஒரு தெளிவான தடைவிதி.

அவர் முதலில் எதிர்கொண்ட இடர், அன்று ‘மூலதன வேலைநிறுத்தம்’ எனப்பட்ட நிலை. பொய்யான விவரம் தந்தால் இயக்குநர்களும் வெளியீட்டாளர்களும் சொந்தப் பொறுப்பேற்க வேண்டும் என்று 1933 சட்டம் கூறியதைக் காரணம் காட்டி, நிறுவனங்கள் புதிய பத்திரங்களை வெளியிடாமல் ஒதுங்கியிருந்தன. கென்னடி 1934 ஜூலை 25 அன்று தேசியப் பத்திரிகையாளர் மன்றத்தில் ஆற்றிய உரையிலும், பின்னர் பல நகரங்களிலும், நேர்மையான வணிகத்துக்கு ஆணையம் எதிரி அன்று என்று விளக்கினார். அவர் பேச்சோடு நிற்கவில்லை. பழைய நிறுவனங்கள் தர வேண்டிய விவரப் படிவம் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நீண்டு, வழக்குரைஞர் கட்டணத்தைப் பெருக்குவதைக் கண்டு, உறுப்பினர்களோடும் கணக்காயர்களோடும் கலந்து, 1935 ஜனவரியில் அதை எளிதாக்கிய புதிய படிவத்தைக் கொண்டுவந்தார். விவரத்தின் உண்மை குறையாமல் அளவு குறைய வேண்டும் என்பது அதன் நோக்கம். 1935 மார்ச்சில் சிகாகோவின் இறைச்சி வணிக நிறுவனமான ஸ்விஃப்ட், 4 கோடியே 30 லட்சம் டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட முன்வந்ததும் அந்த வேலைநிறுத்தம் உடைந்தது. அடுத்தடுத்துப் பெரிய நிறுவனங்கள் பின்தொடர்ந்தன. ஒவ்வொரு படத்தின் செலவுக் கணக்கையும் தனியே கேட்டுப் பழகியவரின் கைத்திறம் அந்தப் படிவத்தில் தெரிகிறது.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பதிலும் அவர் மூடிய மனத்தோடு நடக்கவில்லை. மாசச்சூசெட்ஸ் உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஜான் பர்ன்ஸைத் தலைமைச் சட்ட ஆலோசகராக அழைத்தார். யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் டக்ளஸ், நொடித்துப்போன நிறுவனங்களைச் சீரமைக்கும்போது பத்திரதாரர் பெயரில் இயங்கிய குழுக்களின் முறைகேடுகளை ஆராயும் பொறுப்பில் அமர்த்தப்பட்டார். அவர் 1937இல் ஆணையத்தின் மூன்றாவது தலைவராகி, பின்னர் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். வாஷிங்டனுக்கு வெளியே மண்டல அலுவலகங்கள் திறக்கப்பட்டன. 1935இல் ஆணையம் முன்வைத்த 16 வணிக விதிகளை, அதாவது தரகர்கள் தம் சொந்தக் கணக்கில் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும், கையில் இல்லாத பங்கை விற்று விலையைச் சரிக்கும் முறையை எந்த அளவில் கட்டுப்படுத்த வேண்டும் என்பன போன்ற விதிகளை, சந்தைகள் ஏற்றுக்கொண்டன. நியூயார்க் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்த பட நிறுவனங்களும் மற்றவற்றைப் போலவே கணக்கையும் மேலதிகாரிகளின் ஊதியத்தையும் வெளிப்படுத்த வேண்டியதாயிற்று. கென்னடி ஒருகாலத்தில் இயங்கிய அறையின் கதவு இவ்வாறு அவர் கையெழுத்தாலேயே திறக்கப்பட்டது.

1935 செப்டம்பரில், தாம் முன்பே சொன்னபடி, ஆணையத்தை நிலைநிறுத்தியபின் பதவி விலகினார். லாண்டிஸ் அடுத்த தலைவரானார். விலகிய சில வாரங்களில், 1929இல் ஆர்.சி.ஏ. பங்கில் பெயர்பெற்ற பூலை நடத்திய மைக்கேல் மீஹன் மீது, பெல்லாங்கா விமான நிறுவனப் பங்கில் போலி வணிகம் செய்ததாக ஆணையம் நடவடிக்கை தொடங்கியது. 1937இல் அவர் சந்தைகளிலிருந்து வெளியேற்றப்பட்டார். சில ஆண்டுகளுக்கு முன் வணிகச் சாமர்த்தியம் என்று பாராட்டப்பட்ட செயல் இப்போது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. நியமனத்தை எதிர்த்து எழுதிய ஃபிளினே, தம் கணிப்பு பொய்த்தது என்றும், ஆணையத்தில் மிகப் பயன்பட்டவர் கென்னடிதான் என்றும் பின்னர் ஒப்புக்கொண்டார்.

கட்டுப்பாடு தளர்ந்த இடம்

இதே மனிதர் பின்னர் வகித்த பதவிகளின் வரலாறு வேறுவகையானது. 1937இல் வணிகக் கப்பல் ஆணையத்தின் தலைவராகி, பழைய தபால் கப்பல் ஒப்பந்தங்களின் கணக்கைத் தீர்த்தார். கப்பல் தொழிலில் பங்கு வைத்திருந்தோரை அப்பதவியிலிருந்து விலக்கிய விதி அவருக்குத் தடையாக நின்றதால், அமெரிக்க நாடாளுமன்றம் தனித் தீர்மானம் இயற்றி விலக்கு அளித்தது. பத்து மாதங்கள் கழித்து லண்டனுக்குத் தூதராக அனுப்பப்பட்டார். அங்கு அவருக்கு இருபுறமும் சக உறுப்பினர் இல்லை. அவருடைய சொல்லைத் திருத்தும் அமைப்பும் இல்லை. பிரிட்டிஷ் தலைமை அமைச்சர் சேம்பர்லைன் ஹிட்லரிடம் கைக்கொண்ட சமரசக் கொள்கையை வெளிப்படையாக ஆதரித்தார். 1938 அக்டோபரில் டிரஃபால்கர் நாள் விருந்தில், ஜனநாயக நாடுகளும் சர்வாதிகார நாடுகளும் இணங்கி வாழலாம் என்ற பொருளில் பேசிக் கண்டனத்துக்கு உள்ளானார். ஜெர்மனியில் யூதர்கள் மீது நடந்த கொடுமைகள் உலகறிந்த பிறகும் அவருடைய கணிப்பு மாறவில்லை. போரைச் சொத்து அழிவாகவும் வணிக நட்டமாகவும் அளந்த மனம், அதில் அடங்கியிருந்த அறக் கேள்வியைக் காணத் தவறியது.

பழைய தொழிலின் நலனும் தூதரின் அலுவலும் அங்கே கலந்தன. பிரிட்டனில் அமெரிக்கப் படங்கள் ஈட்டும் வருவாயில் எவ்வளவை டாலராக நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லலாம் என்று போர்க்கால நெருக்கடியில் நடந்த பேச்சில், பட நிறுவனங்களின் சார்பில் வாதாடியவர் கென்னடி. 1940 நவம்பரில் பாஸ்டன் நாளிதழ் ஒன்றில் வெளிவந்த பேட்டியில், இங்கிலாந்தில் ஜனநாயகம் முடிந்துபோயிற்று என்ற பொருளில் அவர் சொன்னது பெருங்கொந்தளிப்பை எழுப்பியது. அதே மாதம் ஹாலிவுட் சென்று, நாஜி எதிர்ப்புப் படங்களை எடுக்க வேண்டாம் என்று பட முதலாளிகளை எச்சரித்தார். அத்தோடு அவருடைய முழுநேர அரசுப் பணி முடிந்தது; 1969 நவம்பர் 18 அன்று இறக்கும் வரை அத்தகைய உயர்பதவி எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை.

பதவியின் அமைப்பே அளவுகோல்

இவ்விரு கட்டங்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், ஒரே மனிதரின் ஒரே குணங்கள் ஓரிடத்தில் பொதுநலனுக்கும் மற்றோரிடத்தில் கேட்டுக்கும் காரணமானது தெரிகிறது. கணக்கை விரைந்து படிக்கும் கண், எதிராளியின் பலவீனத்தை அறியும் கூர்மை, விளம்பரத்தைக் கையாளும் பயிற்சி, இலாபம் எங்கே நிற்கும் என்று மதிப்பிட்டு விலகும் துணிவு ஆகியவை ஆணையத்திலும் அவரிடம் இருந்தன, லண்டனிலும் இருந்தன. மாறியது பதவியின் அமைப்பு. ஆணையத்தில் நோக்கம் சட்டத்தால் வரையறுக்கப்பட்டிருந்தது. சொந்த வணிகம் தடுக்கப்பட்டிருந்தது. முடிவு ஐவரின் வாக்கால் அமைந்தது. எதிர்க்கட்சியினரும் மேசையில் இருந்தனர். தூதரகத்தில் இவற்றுக்கு இணையான கட்டு இல்லை. அவருக்காக விதியைத் தளர்த்தும் முன்னுதாரணம் கப்பல் ஆணையத்திலேயே ஏற்பட்டுவிட்டது.

பிற்கால எடுத்துக்காட்டுகளும் இதையே உறுதிசெய்கின்றன. இத்தாலியில் மூன்று தேசியத் தொலைக்காட்சி அலைவரிசைகளுக்கு உரிமையாளரான சில்வியோ பெர்லுஸ்கோனி 1994இல் தலைமை அமைச்சரானபோது, ஊடக உடைமையையும் ஆட்சிப் பதவியையும் பிரித்து நிறுத்தும் முழுமையான சட்டம் அந்நாட்டில் இல்லை; அத்தகைய சட்டம் ஒன்று 2004இல்தான் நிறைவேறியது, அதையும் அவர் ஆட்சியே இயற்றியது. அமெரிக்காவில் வங்கித் துறையிலிருந்து வந்து ஹாலிவுட் படங்களில் முதலீடு செய்த ஸ்டீவன் மனூசின் 2017இல் நிதியமைச்சரானபோது, தம் படத்தொழில் முதலீடுகளைக் கைவிட வேண்டியிருந்தது. இவ்விரு நாடுகளின் நிலைக்கும் இடையேயுள்ள வேறுபாடு மனிதர்களின் நற்குணத்தில் இல்லை. பதவி ஏற்பதற்கு முன் எழுதப்பட்டிருந்த விதிகளில் இருக்கிறது.

தொழிலறிந்தவரை அரசு அழைப்பது தவறன்று. அறியாதவர் நடத்தும் கண்காணிப்பு வெறும் முத்திரை குத்தும் அலுவலகமாகிவிடும். ஆனால் அவ்வாறு அழைக்கும் எந்த நாடும், அவர் எவ்வளவு திறமையானவர் என்று கேட்கும் முன், அவர் அமரப்போகும் நாற்காலியைச் சுற்றிச் சட்டம் எவ்வளவு உறுதியான வேலி கட்டியிருக்கிறது என்று கேட்க வேண்டும். 1934இல் அமெரிக்கா அந்த வேலியைக் கட்டிய பின்னரே கென்னடியை அழைத்தது. அவருடைய 15 மாதப் பணி தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் நிலைத்திருப்பதற்கு அதுவே காரணம்.